தொட்டதற்கெல்லாம் ஏறும் பிரஷர்

போன மாதம் ஒரு இளம் செவிலியர் என் வீட்டுக்கு வந்தார். மரக்காணம் பக்கத்தில் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற அதே துணை நிலையத்தில் இப்போது அவர்தான் இருக்கிறார். கையில் துறை கொடுத்த டேப்லெட். நாற்பத்தைந்து வயது தாண்டிய பெண்களிடம் கேட்பதற்கென்று அதில் புதிதாகச் சில கேள்விகள் சேர்த்திருக்கிறார்களாம். அதில் ஒன்று: ‘கடந்த ஒரு மாதத்தில் காரணமில்லாத கோபம் வந்ததா?’

“மூணு ஊரு முடிச்சிட்டேன் மேடம். ஒருத்தர்கூட ஆமான்னு சொல்லல. எல்லாருக்கும் ‘இல்லை’, ‘இல்லை’ன்னே டிக் ஆயிருக்குது. நான் வீட்ல உக்காந்துகினு டிக் அடிச்சிட்டேன்னு ஆபீஸ்ல சந்தேகப்படுறாங்க” என்றார், அழாத குறையாக.

“காரணமில்லாத கோவம்னு கேட்டா எவம்மா ஆமான்னு சொல்லுவா? காரணம்தான் ஹால்ல உக்காந்து டிவி பாத்துக்கினு இருக்குதே” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, “நீங்க எப்படிக் கேப்பீங்கன்னு எழுதிக் குடுங்க மேடம், டிரெயினிங்ல படிச்சுக் காட்டுறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். நான் சரியாகக் கேட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் அதிகம் இல்லை. தப்பாகக் கேட்டது ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். டிரெயினிங்கில் படிக்க முடியுமா என்பது அவர் பாடு.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள், ஊசி போடச் சொல்லிக்கொடுத்தார்கள், ரிஜிஸ்டர் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதவிடாய் நிற்பதைப் பற்றிப் புத்தகத்தின் கடைசியில் ஒரே ஒரு பக்கம் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று டியூட்டர் சொன்னதால் அந்தப் பக்கத்தை நாங்கள் யாரும் புரட்டவில்லை.

வேலைக்கு வந்த பிறகு புரட்ட அவசியமும் வரவில்லை. எங்கள் துறையில் பெண் என்றால் அவளுக்கு ஒரு பதிவேடு உண்டு. வயசுக்கு வந்தால் ஒன்று, கர்ப்பமானால் ஒன்று, பிள்ளை பிறந்தால் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று ஒரு தடித்த நோட்டு. ஊரில் பிள்ளை பெறக்கூடிய வயதில் இருக்கும் அத்தனை ஜோடிகளின் பெயரும் அதில் இருக்கும். வீடு வீடாகப் போய், கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது, லூப் போட்டிருக்கிறதா, கருத்தடை ஆபரேஷன் ஆயிற்றா என்று கேட்டு எழுத வேண்டும். ஒரு பெண், “எனக்கு நின்னுடுச்சு நர்சம்மா” என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். சிவப்பு மை பேனாவை எடுத்து, ஸ்கேல் வைத்து, அவள் பெயரின் மேல் ஒரு கோடு. அவ்வளவுதான். அரசாங்கத்துக்கு அவளிடம் கேட்க வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. அடுத்து முதியோர் பென்ஷன் கேட்டு அவளாக வந்தால்தான் உண்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதில் எனக்குப் பாராட்டெல்லாம் கிடைத்திருக்கிறது. கோணல் இல்லாமல் போடுவேன்.

எங்கள் மெடிக்கல் ஆபீசரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். ஒரு நாளும் லேட்டாக வந்ததில்லை. பிரசவ கேஸ் சிக்கலானால் ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பறப்பார். ஆனால் பிரசவத்தோடு பெண்களின் மேல் அவருக்கிருந்த அக்கறை முடிந்துவிடும். நாற்பத்தைந்து தாண்டிய பெண் வாசல் படியில் கால் வைக்கும்போதே அவர் பேனா ஓட ஆரம்பித்துவிடும். அவள் ஸ்டூலில் உட்காருவதற்குள் பி காம்ப்ளெக்ஸ், கால்சியம், இரும்புச் சத்து மூன்றும் சீட்டில் இருக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு. தூக்கம் வரலை என்றாலும் அதே மூன்றுதான், மூட்டு வலி என்றாலும் அதேதான். படபடப்பாக இருக்கிறது என்று ஒருத்தி சொல்லத் தொடங்கினால், நிமிர்ந்து பார்க்காமலே, “வயசும்மா” என்பார். அது ஆறுதல் இல்லை, டயக்னோசிஸ். ஓ.பி. நோட்டில் வியாதி என்கிற கட்டத்திலும் அப்படியே எழுதச் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்ததுண்டு.

அவரை நக்கல் செய்ய எனக்குத் தகுதி கிடையாது. எனக்கே ஐம்பதாவது வயதில் அது வந்தபோது என்னவென்று தெரியவில்லை. தைராய்டு என்று நினைத்தேன், சர்க்கரை என்று நினைத்தேன், புதிதாக வந்த மருமகள் என்றும் நினைத்தேன். குக்கர் விசில் சத்தம் கேட்டால் அழுகை வரும். என் வீட்டுக்காரர் டீயை உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் இருபத்தைந்து வருடமாகக் கேட்டதுதான். அந்த வருடம் அதைக் கேட்டால் டம்ளரைப் பிடுங்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஒரு நாள் அடித்தும்விட்டேன்.

அவர் பள்ளிக்கூடத்தில் கிளார்க். சத்தம் போடாத மனிதர். எதுவாக இருந்தாலும் எழுதிக் கொடுத்துத்தான் பழக்கம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் பங்குச் சாமியாரிடம் போய்ப் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் இன்றைய கருத்துகள் என்று ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார்கள். இறந்தவர் ஆன்மா இளைப்பாற, படிப்பு முடித்த மகனுக்கு வேலை கிடைக்க, படகு விபத்தில் தப்பியதற்கு நன்றி. அந்த வரிசையில் சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்: “ஸ்டெல்லாமேரியின் கோபம் தணியவும், குடும்பத்தில் சமாதானம் நிலவவும், அவருடைய கணவர்.”

கோயில் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பாதிப் பேருக்கு நான்தான் பிரசவம் பார்த்தவள். முன் பெஞ்சில் இருந்த பெண்கள் எனக்காக உருக்கமாகவே ஜெபித்தார்கள். அன்றைக்கு என் கோபம் தணிந்ததா என்று கேட்காதீர்கள். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து ஒரு விஷயம் நடந்தது. நான் ரவுண்ட்ஸ் போகும்போது, என் வயதுப் பெண்கள் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், “உனக்குமா நர்சம்மா?” என்று காதோடு காதாகக் கேட்க ஆரம்பித்தார்கள். நான் வைத்த எந்த விழிப்புணர்வுக் கூட்டத்துக்கும் அவ்வளவு பலன் கிடைத்ததில்லை.

அப்புறம்தான் அந்தக் கடைசிப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். உடம்பு திடீரென்று கொதிக்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் கெடும், மனசு ஒரு நிலையில் இருக்காது, எரிச்சல், அழுகை. எல்லாம் எழுதித்தான் இருந்தது. படித்த கையோடு ஊரையே திருத்திவிடலாம் என்று கிளம்பினேன். ஆனால் வேர்ப்பதைக் கேட்டு இதைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதியவர் சித்திரை மாதம் எங்கள் உப்பளத்துக்கு வந்து பார்த்திருக்க மாட்டார். கீழே உப்பின் வெள்ளை, மேலே வெயில், தலையில் கூடை. அங்கே பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் உடம்பு கொதிக்கும், மேஸ்திரிக்கும் கொதிக்கும். “உடம்பு திடீர்னு சூடாவுதா?” என்று ஒருத்தியிடம் கேட்டேன். “எப்ப ஆறுது?” என்று திருப்பிக் கேட்டாள். அதோடு நான் கேட்பதையே விட்டுவிட்டேன்.

தனத்தின் கதைக்கு வருகிறேன். தனலட்சுமி. அப்போது வயது நாற்பத்தொன்பது. உப்பளத்தில் கூடை சுமப்பவள். பாத்தியில் வாரிக் குவித்த உப்பைக் கூடையில் ஏற்றி, வரப்பு வழியாக நடந்து அம்பாரம் என்கிற பெரிய உப்புக் குவியலில் கொண்டு போய்க் கொட்டுவது அவள் வேலை. புருஷன் ஏழுமலை அதே உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்பவர். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. மாதம் ஒருமுறை என்னிடம் வந்து முப்பது மாத்திரை வாங்கிக்கொண்டு போவார்.

இங்கே எங்கள் பக்கத்துப் பேச்சைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் ரத்த அழுத்தமும் கோபமும் ஒரே சொல்தான். இரண்டும் பிரஷர். “எனக்குப் பிரஷர் ஏத்தாத” என்றால் என்னைக் கோபப்படுத்தாதே என்று அர்த்தம். “அவர் பிரஷர் பார்ட்டி” என்றால் மாத்திரை சாப்பிடுகிறவராகவும் இருக்கலாம், முன்கோபியாகவும் இருக்கலாம். முப்பது வருடம் இந்த ஊரில் வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? தெரியும்.

ஒரு நாள் ஏழுமலை மாத்திரை வாங்க வந்தார். வரிசை நீண்டிருந்தது. நான் குனிந்து மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: “எங்க வூட்டுக்காரிக்கும் ரொம்பப் பிரஷருங்க நர்சம்மா. முன்ன மாதிரி இல்ல. தொட்டதுக்கெல்லாம் ஏறுது.”

தொட்டதற்கெல்லாம் ஏறுது என்றாரே, அங்கேயாவது நான் நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிரவில்லை. “மாத்திர போடுறாங்களா?” என்றேன்.

“இல்லீங்க.”

“போடச் சொல்லுங்க. ஒரு நாள்கூட விடக் கூடாது.”

“நான் போடுறதேதானா?”

“எல்லாருக்கும் அதே மாத்திரதான்” என்றேன். நிஜமாகவே அப்போது எங்களிடம் ஸ்டாக் இருந்தது அது ஒன்றுதான்.

பதினைந்தாவது நாளே மறுபடி வந்து நின்றார். மாத்திரை தீர்ந்துவிட்டதாம். “மாசத்துக்குக் குடுத்தத இன்னா பண்ணீங்க, கோழிக்குப் போட்டீங்களா?” என்று எல்லார் எதிரிலும் திட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “இப்பப் பரவால்லீங்க நர்சம்மா. வூட்ல சத்தமே இல்ல” என்றார். நான் அதையும் காதில் வாங்கவில்லை. திட்டிக்கொண்டே இன்னும் ஒரு அட்டையைக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்துத் தனத்தை ஒரு லோடு ஆட்டோவில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு வந்தார்கள். தலையில் கூடையோடு வரப்பில் நடந்தவள் அப்படியே சாய்ந்து பாத்திக்குள் விழுந்திருக்கிறாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்து, காயத்துக்குள் உப்பு ஏறியிருந்தது. அன்று எனக்கு அங்கே மாதாந்திரக் கூட்டம். ரிஜிஸ்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். காயத்தைக் கழுவும்போது அவள் கத்தவில்லை. கத்துவதற்குத் தெம்பில்லை. பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தேன். தொண்ணூறுக்கு அறுபது. மறுபடி பார்த்தேன். அதேதான்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். “வெயில். வயசு” என்றார்.

கூட வந்த மேஸ்திரி வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: “மயக்கம் வர்ற ஆள வரப்புல ஏத்த முடியாதும்மா. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என் தல உருளும். வேலைக்கு லாயக்குன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கினு வரட்டும். இல்லன்னா அனுமந்தையில இருந்து ஆள் வர்றதுக்கு ரெடியா இருக்குது.”

உப்பு எடுக்கும் மாதங்கள் போய்விட்டால் மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் அடுப்பு எரிய அவள் இப்போது சேர்க்கும் கூலிதான் வழி. படுத்திருந்தவள் அதைக் கேட்டு எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி சாய்ந்துவிட்டாள்.

டாக்டர் ஏழுமலையைக் கூப்பிட்டு விவரம் கேட்டார். அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். ராத்திரி தூங்குவதில்லை, தனியாக உட்கார்ந்து அழுகிறாள், சாமானைத் தூக்கி எறிகிறாள். டாக்டரின் பேனா ஓட ஆரம்பித்தது. மனநலப் பிரிவுக்குப் பரிந்துரை என்று எழுதி, இதைக் காட்டிவிட்டு வந்தால்தான் சர்டிபிகேட் தர முடியும் என்றார். மனநலத்துக்குப் போவதில் தப்பில்லை. நானே பின்னால் பலரை அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்தச் சீட்டை மேஸ்திரி பார்த்தால், தனம் அந்த உப்பளத்தில் மட்டும் இல்லை, எந்த உப்பளத்திலும் கூடை தொட முடியாது. ‘மெண்டல்’ என்று ஒரே சொல்லில் அவளை முடித்துவிடுவார்கள்.

நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன். “காலைல இன்னா சாப்ட?”

தனத்தின் முகத்தில் லேசாக ஒரு வெட்கம் வந்தது. “அவரு போட்ட டீ. இந்த இருபது நாளா அவருதான் போட்டுக் குடுக்குறாரு நர்சம்மா. கட்டிக்கினு வந்து இருபத்தேழு வருஷத்துல இப்பதான். உப்பளத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“டீல இன்னா போட்டீங்க?”

“நீங்க சொன்னதுதாங்க” என்றார். “மாத்திரன்னா போட மாட்டேன்னுட்டா. அதான் பொடி பண்ணிக் கலக்கிட்டேன். ஒரு நாள்கூட விடல.”

அழுத்தமே இல்லாத ஒரு பெண்ணுக்கு இருபது நாள் அழுத்தத்தை இறக்கியிருக்கிறோம். அவள் பாத்தியில் விழாமல் அம்பாரத்தின் மேலிருந்து உருண்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவரைத் திட்ட வாய் வரவில்லை. அவர் நான் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறார். என் வேலைக்காலத்தில் என் பேச்சை அவ்வளவு ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆண் அவர்தான்.

டாக்டர் முன்னால் போய் நின்றேன். “சார், இது நான் பண்ண தப்பு” என்று முழுவதையும் சொன்னேன். முதல் முறையாக அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“செக் பண்ணாம மாத்திர போடச் சொன்னீங்களா?”

“சொன்னேன் சார்.”

“மெமோ குடுக்க வேண்டியிருக்கும்.”

“குடுங்க சார். அதுக்கு முன்னாடி அந்தச் சீட்டக் கிழிங்க.”

“அழுவுறாங்க, சாமான எறியுறாங்கன்னு புருஷனே சொல்றாரேம்மா.”

“அந்தம்மாவுக்கு நாப்பத்தொம்பது வயசு சார். மாசம் தள்ளித் தள்ளி வந்து, இப்ப எட்டு மாசமா வரல. ரிஜிஸ்டர்ல கோடு போட்டதே நான்தான். அன்னிக்கு அவங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா அவரு என்கிட்ட வந்திருக்கவே மாட்டாரு. வயசு, வயசுன்றீங்களே, அந்த வயசுல இன்னா ஆவுதுன்னு நீங்களும் கேக்கல, நானும் கேக்கல!”

கடைசி வரியில் என் குரல் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. ஓ.பி.யில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பார்மசிஸ்ட் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். டாக்டர் அந்தச் சீட்டை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டு, தானே எழுந்து போய்த் தனத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். அன்று அவளிடம் ஐந்து நிமிடம் கேள்வி கேட்டார். வெளியே வரிசை முணுமுணுத்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், நம்ப முடியாமல்.

மூன்று நாள் படுக்கையில் வைத்திருந்து, அழுத்தம் சரியான பிறகு எழுதிக் கொடுத்தார். மருந்தினால் வந்த மயக்கம், மருந்து நிறுத்தப்பட்டது, காயம் ஆறியதும் வேலைக்குப் போகலாம். மேஸ்திரி அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, கட்டுப் பிரித்த மறுநாளே சேர்த்துக்கொண்டார். எனக்கு மெமோவும் வந்தது. மாத்திரைக்காக ஒன்று. புறநோயாளிகள் முன்னிலையில் உயரதிகாரியிடம் காரணமின்றிக் குரல் உயர்த்தியதற்காக இன்னொன்று. முதலாவதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டாவதற்கு மாதவிடாய் நிற்கும் காலத்து மனநிலை மாற்றங்கள் என்ற தலைப்பில் நான்கு பக்கம் பதில் எழுதினேன். அதன் பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவள் வீட்டுக்குப் புறப்பட்ட நாளில், தடுப்பூசி அறையில் அவளை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். அதைத்தான் நான் கோடு போட்ட அன்றே செய்திருக்க வேண்டும். காரணம் உண்டா இல்லையா என்றெல்லாம் கேட்கவில்லை. “வூட்ல யார் மேலல்லாம் ஆத்திரம் வருது?” என்று மட்டும் கேட்டேன்.

கொட்டித் தீர்த்தாள். “பெரிய பையன் கொழம்புல உப்பு கம்மின்னான் நர்சம்மா. தட்டத் தூக்கி வாசல்ல எறிஞ்சிட்டேன். விடியறதுக்கு முன்ன எழுந்து போயி உப்பு சொமந்துட்டு வர்றவகிட்ட வந்து உப்பு கம்மின்றான். அப்புறம் நானே உக்காந்து அழுதேன், புள்ள பசியோட போயிட்டானேன்னு. வெயில்ல வேர்த்தா பரவால்ல. நெழல்ல உக்காந்தாத்தான் கொதிக்குது. எனக்கு மூள கீள கொழம்பிடுச்சா?”

“கொழம்பல. எனக்கும் இதேதான் ஆச்சு” என்றேன். உடம்பில் என்ன மாறுகிறது, ஏன் தூக்கம் கெடுகிறது, ஏன் அழுகை முட்டுகிறது என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். தாங்க முடியாமல் போனால் மருந்து இருக்கிறது, ஆனால் அது டீயில் கலக்குகிற மருந்து இல்லை என்றேன். அவள் ரொம்பக் கவனமாகக் கேட்டாள்.

“எத்தினி நாளைக்கு இருக்கும் இது?”

“ரெண்டு வருஷம், மூணு வருஷம். ஆளுக்கு ஆள் மாறும். அப்புறம் தன்னால அடங்கிடும். பயப்படாத.”

“முழுசா போயிடுமா?”

“போயிடும்” என்றேன், நல்ல செய்தி சொல்கிறவளின் சந்தோஷத்தோடு.

அவள் முகம் வாடிவிட்டது. கட்டுப் போட்ட கையின் விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள்.

“ரெண்டு வருஷம்தானா?” என்றாள். “இருபத்தேழு வருஷமா சொல்லாம வெச்சிருக்கிறது நெறைய இருக்குது நர்சம்மா. சும்மா இருக்கும்போது வாய் வராது. அடங்கறதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லி முடிச்சிடணும்.”

டாக்டர் கொடுத்த காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். நான் கதவைத் திறக்கும் முன் அவளே திறந்தாள்.

“யோவ், இங்க வா” என்றாள்.

வெளியே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏழுமலை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.